நாடிகளும் மனிதரின் குணங்களும்

ஆலயக் கும்பாபிஷேகத்தின்போது நடைபெறும் கிரியைகளுள் நாடிசந்தானம் என்பதும் ஒன்றாகும். யாகசாலையிலிருந்து மூலமூர்த்தி வரை தர்ப்பைக் கயிறு அல்லது நூல் தொடுக்கப்படும். மந்திரங்களாலும் ஆகுதிகளாலும் யாகசாலையில் எழுந்தருளப் பெற்ற இறையாற்றல் அந்தக் கயிற்றின் வழியே சென்று மூர்த்தத்தில் நிறைவதாகச் சிவாசாரியார் பாவனை செய்வர். அந்தக் கயிற்றை அடியார்கள் பலரும் கண்டிருப்பர். அது ஏன் நாடி எனப்படுகின்றது என்று சிந்தித்தவர் சிலரே. மனித உடலில் உயிராற்றல் ஓடும் வழிகளுக்கு முன்னோர் இட்ட பெயரே நாடி என்பதாகும். உடலில் உள்ளதே ஆலயத்திலும் காட்டப்படுகின்றது.

இந்த நாடிகளுக்கும் மனிதரின் குணங்களுக்கும் தொடர்பு உண்டு என்ற நம்பிக்கை நீண்ட காலமாக நிலவி வருகின்றது. "அவனுக்குச் சூட்டு நாடி, அதுதான் இந்தக் கோபம்" என்றும், "அவளுக்கு வாத உடம்பு, ஒன்றிலும் மனம் நில்லாது" என்றும் ஊர்களிலே பேசுவதுண்டு. இப்பேச்சில் உண்மை எவ்வளவு? ஒருவரின் குணத்தை அவரது நாடி முடிவு செய்து விடுகின்றதா? அப்படியாயின் வழிபாட்டினாலும் ஒழுக்கத்தினாலும் ஆவது என்ன? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடி என்னும் சொல்

நாடி என்ற சொல் இரண்டு பொருளில் வழங்குகின்றது. வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துப் பார்ப்பது ஒரு நாடி. அது குருதி ஓட்டத்தின் துடிப்பாகும். சித்த வைத்தியர் அத்துடிப்பிலே வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் நிலையையும் அறிந்து நோயைக் கணிப்பர். மற்றைய நாடி யோக நூல்கள் கூறுவது. அது பிராணன் என்னும் உயிர்க்காற்று இயங்கும் நுண்ணிய வழியாகும். கையால் தொட்டு அறிய முடியாதது.

கடோபநிடதம் இதயத்திலிருந்து 101 நாடிகள் புறப்படுவதாகவும், அவற்றுள் ஒன்று மட்டுமே உச்சந்தலை நோக்கிச் செல்வதாகவும் கூறுகின்றது. பிருகதாரணியக உபநிடதம் 72,000 நாடிகளைப் பற்றிப் பேசுகின்றது. பிற்காலத்து யோக நூலாகிய ஹடயோகப் பிரதீபிகையும் இதே தொகையைச் சொல்லும். தமிழ்ச் சைவ மரபிலும் சித்த மருத்துவத்திலும் எண்ணப்படும் தத்துவங்கள் 96இனுள் பத்து நாடிகளும் பத்து வாயுக்களும் அடங்கும். இடகலை, பிங்கலை, சுழுமுனை, சிகுவை, புருடன், காந்தாரி, அத்தி, அலம்புடை, சங்கினி, குகு என்பன அப்பத்து நாடிகளாம். இவற்றுள் முதல் மூன்றுமே தலையானவை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அதே 96 தத்துவங்களின் வரிசையிலேதான் சாத்துவிகம், இராசதம், தாமதம் என்னும் முக்குணங்களும் எண்ணப்படுகின்றன. நாடியும் குணமும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றென்று எவரும் சொல்லவில்லை. இரண்டும் ஆன்மாவுக்கு வாய்த்த கருவிகள் என்பதே மரபின் கருத்தாகும்.

சந்திரனும் சூரியனும்

இடகலை இடப்பக்க மூக்கின் வழி ஓடுவது. அது சந்திரனுக்கு உரியது, குளிர்ச்சி உடையது. பிங்கலை வலப்பக்க மூக்கின் வழி ஓடுவது. அது சூரியனுக்கு உரியது, வெம்மை உடையது. சுழுமுனை முதுகந்தண்டின் நடுவே மேனோக்கிச் செல்வது. மூச்சு சில வேளைகளில் இடப்பக்கமும் சில வேளைகளில் வலப்பக்கமும் மிகுதியாக ஓடும் என்பதை முன்னோர் கூர்ந்து கவனித்தனர். இதனை அறிவதே சரம் பார்த்தல் எனப்பட்டது.

சந்திர சரம் ஓடும்போது மனம் அமைதியுறும் என்றும், தானம், மணவினை, கிணறு தோண்டுதல் போன்ற நிலைத்து நிற்கும் காரியங்களுக்கு அது ஏற்றது என்றும் சர நூல்கள் கூறும். சூரிய சரம் ஓடும்போது ஊக்கமும் உரமும் மிகும் என்றும், வாதம் புரிதல், படைக்கலம் பயிலுதல், கடும் உழைப்பு ஆகியவற்றுக்கு அது உகந்தது என்றும் அவை கூறும். இரண்டும் ஒத்து ஓடும் வேளை உலகியற் காரியங்களுக்கு ஆகாது; தியானத்துக்கே உரியது என்பர். திருமூலர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலும் வாரசரம் என்ற பகுதி உண்டு. எந்தக் கிழமையில் எந்தப் பக்கத்து மூச்சு ஓடுதல் நன்று என்று அது விளக்குகின்றது.

இந்நூல்களைக் கருத்தூன்றிப் படிப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். இவன் சந்திர நாடிக்காரன், அவன் சூரிய நாடிக்காரன் என்று மனிதரை வகுப்பது அவற்றின் நோக்கமன்று. ஒரே மனிதரிடத்தில் ஒரே நாளில் இரண்டும் மாறி மாறி ஓடும் என்றே அவை சொல்லுகின்றன. காலையில் அமைதியாய் இருந்தவர் மாலையில் சினங்கொள்ளக் கூடும். சினந்தவர் அரை நாழிகையில் ஆறவும் கூடும். ஆகவே நாடி காட்டுவது அவ்வேளையின் மனநிலையையே அன்றி, ஆளின் தலையெழுத்தை அன்று.

சீன நாட்டார் கண்ட வழிகள்

உடலில் ஆற்றல் ஓடும் வழிகளைப் பற்றிச் சிந்தித்தவர் இந்தியரும் தமிழரும் மட்டுமல்லர். சீன நாட்டு வைத்தியர்களும் தமக்கென ஒரு முறையை வகுத்தனர். 1973இல் சீனாவின் மவாங்டுய் என்னுமிடத்தில் தோண்டப்பட்ட பழங்காலக் கல்லறை ஒன்றிலிருந்து பட்டுத்துணியில் எழுதப்பட்ட வைத்திய நூல்கள் கிடைத்தன. கி.மு. 168இல் மூடப்பட்ட அக்கல்லறையில் இருந்த நூல்கள் உடலில் 11 வழிகள் இருப்பதாகக் கூறுகின்றன. பின்னர் வழக்கில் நிலைபெற்ற மஞ்சட் பேரரசரின் வைத்திய நூல் அவற்றை 12 எனக் கொண்டது. அக்குபங்சர் எனப்படும் ஊசி வைத்தியம் இவ்வழிகளை அடிப்படையாகக் கொண்டதாகும். மேலைத் தேசத்தவர் இவற்றை மெரிடியன் என்றனர். உலகப் படத்தில் வடக்குத் தெற்காக வரையப்படும் நெடுங்கோட்டுக்கு உரிய பெயரே அது.

சீன வைத்தியம் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் உணர்ச்சியை உரிமையாக்கியது. ஈரலுக்குச் சினம், இதயத்துக்கு மகிழ்ச்சி, மண்ணீரலுக்கு ஓயாத சிந்தனை, நுரையீரலுக்குத் துயரம், சிறுநீரகத்துக்கு அச்சம் என்பன அவை. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து பூதங்களும் முறையே இவற்றுடன் பொருத்தப்பட்டன.

அதே நூலின் ஓர் அத்தியாயம் மனிதரை ஐந்து பூதங்களின்படி வகுத்து, ஒவ்வொன்றையும் மேலும் ஐந்தாகப் பிரித்து, 25 வகையினராகக் காட்டுகின்றது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் ஆற்றல் வழி சொல்லப்படுகின்றது. மர வகையினர் ஈரல் வழிக்கு உரியவர், திறமை உடையவர், உடல் வலு குறைந்தவர், காரியங்களை எண்ணிக் கவலைப்படுபவர். நெருப்பு வகையினர் இதய வழிக்கு உரியவர், எதையும் தெளிவாகக் காண்பவர், பொருளைப் பெரிதாக மதியாதவர், பொறுமை குறைந்தவர். மண் வகையினர் மண்ணீரல் வழிக்கு உரியவர், அமைதியானவர், பிறருக்கு உதவ விரும்புபவர், அதிகாரத்தை நாடாதவர். உலோக வகையினர் நுரையீரல் வழிக்கு உரியவர், நேர்மை உடையவர், அரச பணிக்கு ஏற்றவர் என்றெல்லாம் அது கூறும். கொரிய நாட்டு வைத்தியர் லீ ஜே-மா இத்தகைய சிந்தனையை வேறு வழியில் வளர்த்து, 1894இல் எழுதிய நூலில் மனிதரை நான்கு வகையினராக வகுத்தார்.

இவற்றைப் படிக்கும் எவருக்கும் தம்மையோ தம் அயலாரையோ அவ்வகைகளுள் ஒன்றில் வைத்துப் பார்க்கத் தோன்றும். அவ்வாறு தோன்றுவதனால் மட்டும் ஒரு கூற்று மெய்யாகி விடாது. பொறுமையின்மை, கவலை, உதவும் குணம் ஆகியன எல்லாரிடத்தும் ஓரளவு உள்ளனவே. பொதுவாகச் சொல்லப்படும் குணங்கள் எவருக்கும் பொருந்துவன போலவே தெரியும்.

இரு மரபுகளிலும் உள்ள பொதுமை

தமிழ்ச் சித்தரின் நாடியும் சீன வைத்தியரின் வழியும் ஒன்றல்ல. எண்ணிக்கையும் வேறு, செல்லும் தடமும் வேறு, பயன்படுத்தும் நோக்கமும் வேறு. சீன வைத்தியர் நோய் தீர்க்க முயன்றனர். சிவயோகியர் மனத்தை ஒடுக்கி இறைவனை அடைய முயன்றனர். எனினும் இரு சாராரும் ஒரு கருத்தில் உடன்படுகின்றனர். ஆற்றலின் ஓட்டத்தை மாற்ற முடியும் என்பதே அது. மாற்ற முடியாததாயின் வைத்தியர் ஏன் ஊசி ஏற்ற வேண்டும்? யோகி ஏன் மூச்சை அடக்கிப் பயில வேண்டும்? நாடியைக் கண்டறிந்தவர்கள் அதனை விதியாகக் கருதவில்லை. மாற்றத்துக்கு உரிய வாயிலாகவே கருதினர்.

இன்றைய ஆய்வுகள்

மூச்சு மாறி மாறி ஓடுவதை இன்றைய மருத்துவமும் ஏற்றுக்கொள்கின்றது. 1895இல் ஜேர்மனிய வைத்தியர் றிச்சாட் கைசர் இதனை மருத்துவ உலகுக்கு விளக்கி எழுதினார். மூக்கினுள் உள்ள மென்மையான இழையங்கள் ஒரு பக்கம் வீங்கும்போது மறுபக்கம் சுருங்குகின்றன. சில மணித்தியாலங்களுக்கு ஒரு முறை இது மாறுகின்றது. மனித விருப்பின்றித் தானாக இயங்கும் நரம்புத் தொகுதியே இதனை நடத்துகின்றது. எல்லாரிடத்தும் இது ஒரே சீராக நிகழ்வதில்லை. ஆகவே முன்னோர் கண்டது கற்பனையன்று. ஆனால் எந்தப் பக்கத்து மூச்சு ஓடுகின்றது என்பதைக் கொண்டு ஒருவரின் குணத்தைக் கூறிவிடலாம் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை.

சீனர் கூறிய 12 வழிகளையோ யோக நூல்கள் கூறும் 72,000 நாடிகளையோ தனிக் குழாய்களாக உடற்கூற்று ஆய்வில் எவரும் காணவில்லை. ஊசி வைத்தியம் பற்றி ஜேர்மனியில் நடைபெற்ற பெரிய ஆய்வொன்றின் முடிவு 2007இல் வெளியாயிற்று. நாட்பட்ட இடுப்பு வலி உடைய 1,162 பேர் அதில் பங்குபற்றினர். உரிய புள்ளிகளில் ஊசி ஏற்றப்பட்டோருள் 47.6 வீதத்தினர் ஆறு மாதத்தின் பின் நலமடைந்திருந்தனர். வேறு இடங்களில் மேலோட்டமாக ஊசி ஏற்றப்பட்டோருள் 44.2 வீதத்தினர் நலமடைந்தனர். வழமையான சிகிச்சை பெற்றோருள் 27.4 வீதத்தினரே நலமடைந்தனர். ஊசி எந்தப் புள்ளியில் ஏற்றப்பட்டது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அக்கறையோடு கவனிக்கப்படுதலும் நம்பிக்கையும் நலந்தருவதில் பெரும் பங்கு வகித்தன என்று இதனால் கருதலாம்.

மூச்சுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு இதனிலும் தெளிவானது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகின்றது. வெளியே விடும்போது சற்றுத் தளர்கின்றது. மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் நரம்பே இதற்குக் காரணமாகும். மெதுவாக மூச்சுவிடப் பயில்பவர்களுக்குப் பதற்றம் குறைகின்றது. சினம் கொண்டவரின் மூச்சு விரைவதையும், அமைதியுற்றவரின் மூச்சு தணிவதையும் எவரும் கண்ணாற் காணலாம். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று முன்னோர் கணக்கிட்டனர். நிமிடத்துக்கு 15 என்ற வீதத்தில் 24 மணித்தியாலத்துக்கு வரும் தொகை அதுவே.

பெயர் சூட்டுவதால் வரும் கேடு

நாடியையும் உடல்வாகையும் காட்டி மனிதருக்குப் பெயர் சூட்டுவதில் ஒரு பெரிய தீங்கு உண்டு. சிறு பிள்ளையைப் பார்த்து "இவன் பிறவியிலேயே மந்தம்" என்று பெரியோர் சொன்னால், அப்பிள்ளை அதனையே தன் இயல்பென்று நம்பி வளரும். "இவள் பித்தக்காரி, கோபம் போகாது" என்று சொல்லிவிட்டால், கோபத்தை அடக்க வேண்டிய பொறுப்பும் அவளிடமிருந்து நீங்கிவிடும். மணம் பேசும் இடத்திலே இத்தகைய சொற்கள் ஒருவரின் வாழ்வையே தடுத்துவிடக் கூடும்.

மேலும், குணமென்று நினைக்கப்படுவது நோயாக இருக்கவும் கூடும். தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால் படபடப்பும் எரிச்சலும் உண்டாகும். குறைவாகச் சுரந்தால் சோர்வும் மந்தமும் மனத்தளர்ச்சியும் உண்டாகும். குருதிச்சோகை உடைய பிள்ளை வகுப்பிலே தூங்கி விழும். காது சரியாகக் கேளாத பிள்ளை சொல்வழி கேளாத பிள்ளையெனப் பெயர் எடுக்கும். நீரிழிவு உடையவருக்குக் குருதியில் வெல்லம் குறையும் வேளையில் திடீரெனச் சினம் வரலாம். இவை யாவும் பரிசோதனையால் அறிந்து சிகிச்சையால் சீர்செய்யத் தக்கவை. நாடி என்று சொல்லி விட்டுவிட்டால் அப்பிள்ளையின் படிப்பும், சில வேளைகளில் உயிருமே பாழாகிவிடும்.

2009 வரை நீடித்த போரும் 2004 டிசெம்பர் 26இல் நேர்ந்த கடற்கோளும் வடக்குக் கிழக்கு மக்களின் உள்ளத்தில் ஆழ்ந்த வடுக்களை விட்டுச் சென்றன. முன்பு கலகலப்பாக இருந்தவர்கள் பேச்சடங்கினர். பொறுமைசாலிகள் சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டுச் சினந்தனர். உற்றாரைக் கண்முன்னே இழந்தவரிடம் "உன் நாடி சரியில்லை" என்று சொல்வது அறமாகாது. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்கால உளவடுக்கள் பற்றி ஆய்ந்து 1998இல் நூல் வெளியிட்டார். அவரவர் சமயத்துக்கு ஏற்ற மந்திரத்தை உருவேற்றுதல், மூச்சுப்பயிற்சி, தசைகளைத் தளர்த்துதல் போன்ற மரபுவழி முறைகளை உளமருத்துவத்தோடு இணைத்துப் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். மரபும் மருத்துவமும் கைகோத்துச் செல்லலாம் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

சைவசித்தாந்தம் தரும் விடை

குணம் மாறுமா என்ற வினாவுக்குச் சைவசித்தாந்தம் தெளிவான விடை தருகின்றது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் அமைந்தது. அம்மரபில் வந்த ஆசிரியர்கள் ஆன்மாவின் இயல்பைச் சார்ந்ததன் வண்ணமாதல் என விளக்குவர். ஆன்மா எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையைத் தனதாகக் கொள்ளும். பளிங்கின் அருகே சிவந்த பூவை வைத்தால் பளிங்கு சிவப்பாகத் தோன்றும். நீல மலரை வைத்தால் நீலமாகத் தோன்றும். பூவை எடுத்துவிட்டால் அந்த நிறமும் நீங்கும். நிறம் பளிங்கினுடையதன்று.

அதுபோலவே நாடியும் வாயுவும் குணங்களும் ஆன்மாவின் அருகே வைக்கப்பட்ட மலர்களாம். அவற்றின் நிறம் ஆன்மாவில் தோன்றுவது உண்மை. ஆனால் ஆன்மா அந்த நிறமன்று. கோபமுள்ள உடல் வாய்த்தவர் கோபமே ஆகிவிடுவதில்லை. ஆணவத்தைச் சார்ந்தபோது இருளாக நின்ற உயிர், இறைவனைச் சார்ந்தபோது ஒளியாக நிற்கும் என்பதே சித்தாந்தம் தரும் பெரிய ஆறுதலாகும். நாடியே குணத்தை முடிவு செய்யும் என்று கொண்டால், தீட்சைக்கும் வழிபாட்டுக்கும் நல்லார் கூட்டுறவுக்கும் பொருளே இல்லாமற் போகும்.

நாளாந்த வாழ்வில்

திருமூலர் கூறும் பிராணாயாமத்தில் பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, இரேசகம் 32 என்பது அளவாகும். பூரகம் என்பது மூச்சை உள்ளிழுத்தல், கும்பகம் உள்ளே நிறுத்துதல், இரேசகம் வெளிவிடுதல். கும்பகத்தைக் குருவின் நேரடி வழிகாட்டல் இன்றிச் செய்தல் ஆகாது. இதய நோய், உயர் குருதி அமுக்கம் உடையோரும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்குதலைத் தவிர்க்க வேண்டும். ஆனால் மூச்சை அடக்காமல், மெதுவாக இழுத்து அதனிலும் மெதுவாக விடுதல் எல்லாருக்கும் எளியது. காலை மாலை வழிபாட்டின் முன் முதுகை நிமிர்த்தி அமர்ந்து, ஐந்து நிமிடம் இவ்வாறு செய்து, பின் திருவைந்தெழுத்தை ஓதினால் மனம் ஒருமைப்படும்.

பிள்ளையார் சந்நிதியில் காதுகளைப் பிடித்துத் தோப்புக்கரணம் இடுவது காதிலுள்ள புள்ளிகளைத் தூண்டி அறிவை வளர்க்கும் என்று இன்று பலரும் கூறுகின்றனர. காதில் உடலுறுப்புகளுக்குரிய புள்ளிகளை வரைந்து காட்டும் முறை பிரான்சு நாட்டு வைத்தியர் போல் நோஜியரால் 1950களில் உருவாக்கப்பட்டதாகும். அதனைத் தோப்புக்கரணத்தோடு பொருத்துவது பிற்கால விளக்கமே. தோப்புக்கரணம் அடியார் தம் பிழை பொறுக்க வேண்டிப் பணிந்து நிற்கும் செயல். அதன் பெருமைக்கு அதுவே போதும். உடலுக்கு நல்ல பயிற்சியாகவும் அது அமைகின்றது.

பெற்றோர் செய்யத் தக்கது ஒன்றுண்டு. பிள்ளையின் குணத்துக்குப் பெயர் சூட்டுவதை விடுத்து, அது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்று பார்த்தல் வேண்டும். போதிய தூக்கம் உண்டா, காலை உணவு உண்டா, கண்ணும் காதும் நன்றாக உள்ளனவா, வீட்டிலே சண்டை நிகழ்கின்றதா, கூடித் திரியும் நண்பர் யாவர் என்று ஆராய வேண்டும். குணம் மாறுதல் திடீரெனவும் கடுமையாகவும் இருப்பின், வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆலயத்தில் அருச்சனை செய்வதும் வைத்தியசாலையில் மருந்து எடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையன்று.

யாகசாலையிலிருந்து மூர்த்தத்தை நோக்கிச் செல்லும் நாடிக் கயிறு தானாக எதனையும் செய்வதில்லை. அது எதனோடு தொடுக்கப்பட்டுள்ளதோ அதன் ஆற்றலையே கொண்டு செல்கின்றது. மனிதரின் நாடிகளும் அத்தகையனவே. உள்ளம் சினத்தோடு தொடுக்கப்பட்டால் சினம் ஓடும். அன்போடு தொடுக்கப்பட்டால் அன்பு ஓடும். வாய்த்த உடல் எதுவாயினும், உள்ளத்தை இறைவன் திருவடியோடு தொடுத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வோர் அடியாருக்கும் உண்டு. அதற்கு எல்லாம் வல்ல சிவபெருமானின் திருவருள் துணைநிற்பதாக.